கேள்வியை ஏ.ஐ. கேட்கட்டும், பதிலை நீங்கள் சொல்லுங்கள்

கொளத்தூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 35, பி.காம். படித்தவர். 2015 முதல் 2020 வரை அம்பத்தூரில் ஒரு மெடிக்கல் பில்லிங் நிறுவனத்தில் ஏ.ஆர். காலராக நைட் ஷிஃப்ட் பார்த்தவர். (இந்த வேலையைப் பற்றித் தெரியாதவர்களுக்காக: அமெரிக்க டாக்டர்களும் மருத்துவமனைகளும் அனுப்பும் க்ளைமுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் தராவிட்டால், இங்கிருந்து போன் செய்து காரணம் கேட்டு, அந்தப் பணம் வர வழி செய்வதுதான் ஏ.ஆர். காலிங். சென்னையில் பல ஆயிரம் குடும்பங்களில் இந்த வருமானத்தில்தான் அடுப்பு எரிகிறது.) மகள் பிறந்ததும் வேலையை விட்டார். மகள் இப்போது ஒன்றாம் வகுப்பு. பத்து நாளில் பெருங்குடியில் உள்ள ஒரு நிறுவனத்தில், டினையல்களை, அதாவது இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுத்த க்ளைம்களை, பார்க்கும் சீனியர் ஏ.ஆர். அனலிஸ்ட் வேலைக்கு இன்டர்வியூ. முதல் சுற்று ஆன்லைனில், இரண்டாவது நேரில்.

கடிதத்தின் பெரும்பகுதி ஏ.ஐ. பற்றியதுதான். போன மாதம் வேறொரு நிறுவனத்தின் இன்டர்வியூவுக்காக, 'ஏ.ஆர். காலிங் இன்டர்வியூ கேள்விகள் பதிலோடு கொடு' என்று கேட்டு அறுபது கேள்வி பதில் வாங்கி, நோட்டில் எழுதி, சமைக்கும்போதெல்லாம் மனப்பாடம் செய்திருக்கிறார். எழுதிக் காட்டிய பதில்களுக்கு ஏ.ஐ. பத்துக்கு ஒன்பதரை போட்டிருக்கிறது. இன்டர்வியூவில் மூன்றாவது கேள்வியிலேயே அந்த அதிகாரி, 'மேடம், எதையாவது பார்த்துப் படிக்கிறீங்களா?' என்று கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு வாய் வரவில்லை என்று எழுதியிருக்கிறார்.

இப்போது வீட்டில் ஆளுக்கொரு யோசனை. இன்டர்வியூ நேரத்தில் இன்னொரு போனில் ஏ.ஐ.யை ஓடவிட்டுப் பதிலைப் பார்த்துச் சொல்லச் சொல்கிறார் கொழுந்தனார். ஒரு கன்சல்டன்சிக்காரர், பணம் கொடுத்தால் இடையில் உள்ள வருடங்களுக்கு எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட் தருவதாகச் சொல்கிறார். 'இந்த வேலையையே நாளைக்கு ஏ.ஐ. செய்துவிடும், எதற்கு இந்த அலைச்சல்?' என்கிறார் கணவர். மாமியார் மட்டும், 'நீ போம்மா, ராத்திரி பாப்பாவை நான் பாத்துக்கறேன்' என்றிருக்கிறார். வாசகியின் கேள்விகள் இவை: ஏ.ஐ. வைத்துத் தயாராவது ஏமாற்று வேலையா? இடைவெளியை எப்படிச் சொல்வது? ஆங்கிலம் துருப்பிடித்துவிட்டதே, என்ன செய்வது? பழைய மெயிலில் இருக்கும் சில இ.ஓ.பி. படங்களை (எதற்கு எவ்வளவு கொடுத்தோம், எதை மறுத்தோம் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பும் விவரத் தாள்தான் இ.ஓ.பி.) ஏ.ஐ.யிடம் கொடுத்துப் பயிற்சி எடுக்கலாமா?

அன்புத் தோழி,

உங்கள் மாமியாருக்கு முதல் நன்றி. பாதிப் பிரச்சினையை அவர் தீர்த்துவிட்டார்.

ஏ.ஐ. வைத்துத் தயாராவதில் தவறே இல்லை. அந்தக் காலத்தில் அக்காவையோ பழைய டீம் லீடையோ எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்கச் சொன்னோம். ஆள் கிடைக்காத வீட்டில் இந்தக் கருவி அந்த இடத்தில் உட்காருகிறது, அவ்வளவுதான். நீங்கள் அதை வேறு வேலைக்குப் பயன்படுத்தியதில்தான் சிக்கல் வந்தது. உங்கள் பதிலை அதைச் சொல்லவைத்து, அதை நீங்கள் ஒப்பித்தீர்கள். இந்தப் பத்து நாளும் இதைத் தலைகீழாக மாற்ற வேண்டும். அது கேட்கட்டும், நீங்கள் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஒன்பதரை மதிப்பெண்ணை மறந்துவிடுங்கள்

அதே ஏ.ஐ. எழுதிக் கொடுத்த பதிலை அதனிடமே திருப்பிக் காட்டினால் ஒன்பதரை போடத்தான் செய்யும். போதாததற்கு, இந்தக் கருவிகளுக்கு நம்மைக் குளிரவைக்கும் பழக்கம் உண்டு. 2025 ஏப்ரலில் ஓப்பன் ஏ.ஐ. நிறுவனமே, அளவுக்கு மீறி ஜால்ரா போடுகிறது என்று சாட்ஜிபிடியின் ஒரு அப்டேட்டைத் திரும்பப் பெற்றது. அதனால் மதிப்பெண் கேட்காதீர்கள். 'என் பதிலில் எந்த இடம் புரியவில்லை? எந்த இடத்தில் ஆதாரம் இல்லாமல் பேசினேன்? இதற்கு மேல் நீங்கள் என்ன கேட்பீர்கள்?' என்று கேளுங்கள்.

மனப்பாடம் எங்கே உடைகிறது என்று ஒரு உதாரணம் காட்டுகிறேன். சிஓ-29 உங்களுக்குத் தெரியும், க்ளைம் அனுப்பும் கெடு முடிந்துவிட்டது என்று மறுப்பது. உங்கள் நோட்டில், 'டைம்லி ஃபைலிங் லிமிட்டைச் சரிபார்த்து, ஆதாரத்தோடு அப்பீல் செய்வேன்' என்று இருக்கும். சரியான பதில்தான். ஆனால் எதிரே இருப்பவர் அதோடு விடமாட்டார்.

'எது ஆதாரம்?'

'கிளியரிங் ஹவுஸ் ரிப்போர்ட்.'

'அதில் ரிஜெக்டட் என்று இருந்தால்?'

(கிளியரிங் ஹவுஸ் என்பது டாக்டரிடமிருந்து க்ளைமை வாங்கி இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பும் இடைநிலை நிறுவனம்.) இந்த இடத்தில் நோட்டில் ஒன்றும் இருக்காது. வேலை பார்த்தவருக்கு மட்டும்தான் தெரியும்: ரிஜெக்ட் ஆன க்ளைம் பேயரின், அதாவது இன்ஷூரன்ஸ் கம்பெனியின், சிஸ்டத்துக்குள்ளேயே போகவில்லை, அந்தத் தேதியைக் கெடுவுக்கு ஆதாரமாகக் காட்ட முடியாது. பேயர் ஏற்றுக்கொண்டதைக் காட்டும் 277சிஏ அக்னாலெட்ஜ்மென்ட் இருந்தால்தான் பேச முடியும். அடுத்து, 'சரி, அப்பீலும் தோற்றது. நோயாளிக்கு பில் அனுப்பிவிடலாமா?' என்று வரும். சிஓ என்பது ஒப்பந்தப்படி டாக்டர் தரப்பு ஏற்க வேண்டியது. நோயாளி தலையில் கட்ட முடியாது. நோயாளி கட்ட வேண்டியதற்குத்தான் பி.ஆர். என்ற கோடு தனியாக இருக்கிறது. ஐந்து வருடம் தினமும் இதைத்தான் செய்தீர்கள். உங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஒப்பிக்கும்போது தெரிந்ததும் மறந்துபோகிறது.

ஜே.டி.யை (வேலை விவரக் குறிப்பை) வரி வரியாகப் பிரியுங்கள்

'ஏ.ஆர். காலிங் கேள்விகள்' என்று பொதுவாகக் கேட்டால் எல்லோருக்கும் கிடைக்கும் அதே அறுபதுதான் உங்களுக்கும் கிடைக்கும். இன்டர்வியூ எடுப்பவரும் அதைப் பார்த்திருப்பார். நீங்கள் போகும் வேலை காலர் வேலை இல்லை, அனலிஸ்ட் வேலை. க்ளைம் ஸ்டேட்டஸ் கேட்பதோடு முடியாது, ஏன் மறுத்தார்கள், இது ஒரு க்ளைமில் மட்டும் வந்ததா அல்லது வரிசையாக வருகிறதா, எங்கே திருத்தினால் அடுத்த மாதம் வராது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஜே.டி.யில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அந்த வேலையை நீங்கள் செய்த ஒரு சம்பவத்தை எழுதுங்கள். இதை ஏ.ஐ. இல்லாமல், பேனாவும் தாளுமாக உட்கார்ந்து செய்யுங்கள். சம்பவமே இல்லாத வரிகள் இருக்கும். அவற்றைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், பயிற்சிக்கு நேரம் அதிகம் வேண்டியது அவற்றுக்குத்தான்.

இங்கே உங்கள் கடிதத்தில் நீங்களே கவனிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். நான்காவது பக்கத்தில், 'பெரிய சாதனை எதுவும் இல்லை மேடம், ஒரு தடவை மட்டும் ஒரே டாக்டரோட நாப்பது க்ளைமும் பி7-னு டினை ஆச்சு, என்னனு பாத்தா புது டாக்டரோட என்.பி.ஐ.யை அந்த இன்ஷூரன்ஸ்ல குரூப்போட லிங்க் பண்ணவே இல்ல, நான் மெயில் போட்டு சொன்னேன்' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். (பி7 என்றால் அந்த சேவைக்குப் பணம் பெற அந்தத் தேதியில் டாக்டருக்குத் தகுதி இல்லை என்று மறுப்பது, என்.பி.ஐ. என்பது டாக்டரின் அடையாள எண்.) தோழி, ஒரு டினையல் அனலிஸ்டிடம் எதிர்பார்ப்பதே இதைத்தான். மற்றவர்கள் நாற்பது க்ளைமுக்கு நாற்பது போன் செய்திருப்பார்கள். நீங்கள் நாற்பதையும் சேர்த்துப் பார்த்து, கோளாறு க்ளைமில் இல்லை, டாக்டரின் என்ரோல்மென்ட்டில் இருக்கிறது என்று பிடித்தீர்கள். இதைத்தான் இன்டர்வியூவில் சொல்ல வேண்டும். எப்படி முதலில் சந்தேகம் வந்தது, எதைச் சரிபார்த்தீர்கள், யாருக்கு மெயில் போனது, பிறகு அந்த க்ளைம்கள் என்ன ஆயின, எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ அவ்வளவு. ஞாபகம் இல்லாத தொகையை உருவாக்காதீர்கள். 'சரியான தொகை ஞாபகம் இல்லை, நாற்பது க்ளைம் அளவில் இருக்கும்' என்றால் போதும். டாக்டர் பெயர், க்ளையன்ட் பெயர் எதுவும் வேண்டாம்.

இதையெல்லாம் எழுதி முடித்த பிறகு ஏ.ஐ.யைத் திறங்கள். சாட்ஜிபிடி, ஜெமினி, க்ளாட் எதுவாக இருந்தாலும் சரி. காசு கட்ட வேண்டியதில்லை, போனில் குரல் வசதி இருந்தால் போதும். ஜே.டி.யையும், போன் நம்பர், முகவரி, பான், ஆதார் எல்லாம் நீக்கிய ரெஸ்யூமேவையும் கொடுத்துவிட்டு இப்படிச் சொல்லுங்கள்:

'நீங்கள் இந்த வேலைக்கு ஆள் எடுக்கும் டினையல் டீம் மேனேஜர். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். நான் பதில் சொல்லும்வரை காத்திருங்கள். அடுத்த கேள்வி என் பதிலுக்குள்ளிருந்து வர வேண்டும். நான் மழுப்பினால் விடாதீர்கள். பாராட்ட வேண்டாம். மாதிரிப் பதில் எழுதித் தர வேண்டாம். எட்டு கேள்வி முடிந்ததும், நான் தடுமாறிய இடங்களை மட்டும் சொல்லுங்கள்.'

இதைத் தமிழிலேயே கொடுத்து, இன்டர்வியூவை மட்டும் ஆங்கிலத்தில் நடத்தச் சொல்லலாம். நடுவில் அது மறந்து பாராட்ட ஆரம்பிக்கும், மாதிரிப் பதிலும் நீட்டும். நிறுத்தி மறுபடி சொல்லுங்கள். முதல் நாள் எரிச்சலாக இருக்கும், இரண்டாவது நாள் பழகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. ஏ.ஐ. தொழில் விஷயத்தில் தவறும் சொல்லும், அதையும் தயங்காமல் சொல்லும். குறிப்பாக கெடு நாட்களில். முக்கியமாக முதியோருக்கான அமெரிக்க அரசு இன்ஷூரன்ஸான மெடிகேருக்கு சிகிச்சை தேதியிலிருந்து ஒரு வருடம் என்பது உறுதி. தனியார் பேயர்களுக்கு அது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். ஆனால் ஏ.ஐ. 'இந்த பேயருக்கு இத்தனை நாள்' என்று ஒரே எண்ணாகச் சொல்லிவிடும். அதை நம்பி இன்டர்வியூவில் சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள். 'பேயருக்கும் ஒப்பந்தத்துக்கும் ஏற்ப மாறும், ப்ரொவைடர் மேனுவலைப் பார்த்து உறுதி செய்வேன்' என்பதுதான் அனலிஸ்ட் பேச்சு. டினையல் கோடுகளின் அர்த்தத்தையும் எக்ஸ்12 அமைப்பு வெளியிடும் பட்டியலில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், இணையத்தில் பார்க்கலாம்.

வேலையில் இல்லாத வருடங்கள்

இடைவெளியை ஒரு குற்றம்போல நினைத்து எழுதியிருக்கிறீர்கள். ஆட்சேர்ப்பில் பல வருடம் இருந்தவள் என்பதால் சொல்கிறேன், இடைவெளி இருப்பதால் மட்டும் நான் யாரையும் ஒதுக்கியதில்லை. என் கவலை இரண்டுதான்: வேலை மறந்திருக்குமா? சேர்ந்த மூன்றாவது மாதத்தில் வீட்டுக் காரணம் சொல்லி நின்றுவிடுவாரா? இரண்டுக்கும் பதில் உங்களிடம் இருக்கிறது.

'2020-ல் மகள் பிறந்தாள், அவளைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டேன். இப்போது பள்ளிக்குப் போகிறாள். நைட் ஷிஃப்ட்டுக்கு வீட்டில் ஏற்பாடு செய்துவிட்டேன். நான் இல்லாதபோது மாறியவற்றைப் படித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.' நான்கு வரி. சொல்லிவிட்டு நிறுத்துங்கள். மன்னிப்பு கேட்கும் குரல் வேண்டாம், நீட்டவும் வேண்டாம். கடைசி வரியைச் சொன்னால், 'என்ன மாறியது?' என்று அவர்களே கேட்பார்கள். அங்கே நீங்கள் தயாராக இருக்க வேண்டும்.

உண்மையில் இந்த வருடங்களில் உங்கள் துறையில் நிறையவே நடந்திருக்கிறது. 2022 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் 'நோ சர்ப்ரைசஸ்' சட்டம் வந்தது. அவசர சிகிச்சையிலும், நெட்வொர்க்கில் உள்ள (இன்ஷூரன்ஸோடு ஒப்பந்தம் போட்ட) மருத்துவமனையில் நெட்வொர்க்கில் இல்லாத டாக்டர் பார்த்த பல சமயங்களிலும், மீதித் தொகையை நோயாளிக்கு பில் போட முடியாது. வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு இன்ஷூரன்ஸான மெடிகெய்டிலிருந்து ஆட்களை நீக்குவதைக் கோவிட் காலத்தில் நிறுத்திவைத்திருந்தார்கள், 2023 ஏப்ரல் முதல் மாநிலங்கள் தகுதியைச் சரிபார்த்து மறுபடி நீக்கத் தொடங்கின. ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் அந்தத் திட்டத்திலிருந்து நீக்கப்பட்டார்கள். கவரேஜ் முடிந்துவிட்டது என்று மறுக்கும் சிஓ-27 டினையல்களுக்கும், எலிஜிபிலிட்டி சரிபார்ப்புக்கும் இதனால் என்ன வேலை கூடியிருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். 2024 பிப்ரவரியில் சேஞ்ச் ஹெல்த்கேர் என்ற மிகப் பெரிய கிளியரிங் ஹவுஸ் சைபர் தாக்குதலில் முடங்கியது. நாடு முழுக்க க்ளைம் அனுப்புவது வாரக்கணக்கில் தடுமாறியது. இந்த மூன்றில் ஒவ்வொன்றைப் பற்றியும் ஐந்து நிமிடம் பேசும் அளவுக்குப் படியுங்கள். படித்த பிறகு ஏ.ஐ.யிடம், 'இதனால் டினையல் வேலையில் என்ன மாறியது என்று என்னைக் குடைந்து கேள்' என்று சொல்லுங்கள்.

உங்கள் கணவரின் கேள்வியும் இங்கேயே வருகிறது. அவர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. க்ளைம் ஸ்டேட்டஸ் பார்க்கும் வேலையை போர்ட்டல்களும் பாட்களும் எடுத்துக்கொண்டு வருகின்றன. வெறும் ஸ்டேட்டஸ் கால் செய்யும் வேலைக்குப் போனால் எனக்கும் அவருடைய கவலை இருந்திருக்கும். நாற்பது க்ளைமைச் சேர்த்துப் பார்த்து என்.பி.ஐ. கோளாறைப் பிடிப்பது வேறு வேலை. நீங்கள் போவது அந்தப் பக்கம். கணவரிடம் இதை இப்படியே சொல்லுங்கள். இன்டர்வியூவிலும் இந்தக் கேள்வி வர வாய்ப்பு இருக்கிறது.

இரண்டையும் செய்யாதீர்கள்

கன்சல்டன்சிக்காரரின் சர்டிஃபிகேட் வேண்டவே வேண்டாம். பி.ஜி.வி.யில், அதாவது பின்னணிச் சரிபார்ப்பில், தாளை மட்டும் பார்ப்பதில்லை. உங்கள் யு.ஏ.என். நம்பரில் எந்தக் கம்பெனி எந்த மாதம் பி.எஃப். கட்டியது என்று எல்லாம் இருக்கிறது. மூன்று வருட அனுபவம் என்று தாள் சொல்லும், பி.எஃப். பாஸ்புக் 2020-ல் நின்றிருக்கும். சேர்ந்த பிறகு கண்டுபிடித்தாலும் வேலையை விட்டு அனுப்புவார்கள். போலி ஆவணத்தை உண்மை என்று கொடுப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின்படி குற்றமும்கூட. அந்தத் தாள் உங்கள் உண்மையான ஐந்து வருடத்தையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும். எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

கொழுந்தனார் சொன்ன இரண்டாவது போன் யோசனையும் அப்படித்தான். தயாராவது ஒன்று, இன்டர்வியூ நடக்கும்போது பதிலை வாசிப்பது வேறு. கண் எங்கே போகிறது, கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் எத்தனை நொடி ஆகிறது என்று இப்போது எல்லோரும் கவனிக்கிறார்கள். ஏ.ஐ. வைத்து ஏமாற்றுவது கூடிவிட்டதால் கூகுளிலேயே ஒரு சுற்றாவது நேரில் வைக்கப்போவதாக 2025-ல் சுந்தர் பிச்சை சொன்னார். உங்களுக்கும் இரண்டாவது சுற்று நேரில்தானே? முதல் சுற்றில் ஏ.ஐ. பேசியதை இரண்டாவது சுற்றில் நீங்கள் பேச வேண்டியிருக்கும். கொழுந்தனாரிடம் கோபப்படாதீர்கள், உதவும் எண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார். அதற்குப் பதில் ஒருநாள் எதிரே உட்கார்ந்து கேமராவில் உங்களை ரெக்கார்டு செய்து தரச் சொல்லுங்கள். அது உண்மையான உதவி.

பழைய இ.ஓ.பி. படங்கள்

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி, பலர் கேட்காமலே செய்துவிடுகிறார்கள். அவற்றை ஏ.ஐ.யில் போடவே கூடாது. அதில் நோயாளியின் பெயர், மெம்பர் ஐடி, என்ன சிகிச்சை என்பதெல்லாம் இருக்கும். வேலையில் சேர்ந்தபோது எடுத்த ஹிப்பா பயிற்சி ஞாபகம் இருக்கிறதா? 1996-ல் வந்த அந்த அமெரிக்கச் சட்டத்துக்காகத்தான் உங்கள் புரொடக்‌ஷன் ஃப்ளோரில் போனை லாக்கரில் வைக்கச் சொன்னார்கள். வேலையை விட்டதும் அந்தப் பொறுப்பு முடிந்துவிடாது, நீங்கள் கையெழுத்திட்ட ரகசியக் காப்பு ஒப்பந்தமும் அதைத்தான் சொல்லும். பெயரை மட்டும் கறுப்பாக அடித்துவிட்டுப் போடலாமே என்று தோன்றும். தேதி, க்ளைம் நம்பர், ஊர் எல்லாம் சேர்ந்தால் ஆளைக் கண்டுபிடிக்க முடியும். அந்தப் படங்கள் உங்கள் சொந்த மெயிலில் இருப்பதே தவறு. யாருக்கும் அனுப்பாமல், மெயிலிலிருந்தும் ட்ராஷிலிருந்தும் போனிலிருந்தும் நீக்கிவிடுங்கள். 'என்னிடம் சாம்பிள் இருக்கிறது' என்று இன்டர்வியூவில் தவறியும் சொல்லிவிடாதீர்கள். அடுத்த நிமிடமே அந்த வாய்ப்பு போய்விடும்.

பயிற்சிக்கு இ.ஓ.பி. வேண்டுமென்றால், ஏ.ஐ.யிடமே ஒரு கற்பனை நோயாளி, கற்பனை டாக்டர், மூன்று வரி சார்ஜ், அதில் ஒரு வரி சிஓ-97, ஒரு வரி பி.ஆர்-1 என்று உருவாக்கச் சொல்லுங்கள். 97 என்றால் வேறொரு சர்வீஸோடு சேர்த்தே பணம் கொடுத்தாயிற்று என்பது, பி.ஆர்-1 என்றால் நோயாளி முதலில் தன் கையிலிருந்து கட்ட வேண்டிய டிடக்டிபிள், உங்களுக்கே தெரியும். கூட்டல் கழித்தலில் அது பிழை விட்டிருந்தால் அதைக் கண்டுபிடிப்பதும் ஒரு பயிற்சிதான். அப்புறம், செட்டிங்ஸில் உங்கள் உரையாடலை மாடல் பயிற்சிக்குப் பயன்படுத்தும் தேர்வை அணைத்துவிடுங்கள். சாட்ஜிபிடியில் அது டேட்டா கன்ட்ரோல்ஸ் என்ற பகுதியில் இருக்கும்.

ஆங்கிலம்

'துருப்பிடித்துவிட்டது' என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்து வருடம் ராத்திரி ராத்திரியாக அமெரிக்கர்களிடம் ஹோல்டில் காத்திருந்து, போனை வைக்க விடாமல், ரெஃபரன்ஸ் நம்பரும் பெயரும் வாங்கியவர் நீங்கள். அவர்கள் உச்சரிப்பில் பேச வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நிதானமாக, தெளிவாக, சின்ன வாக்கியமாகப் பேசினால் போதும். முதலில் சம்பவத்தைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லுங்கள், வரிசை பிடிபடும். பிறகு அதையே எளிய ஆங்கிலத்தில். ஏ.ஐ. உங்கள் பேச்சை அழகுபடுத்தித் தந்தால் அந்த அலங்கார வார்த்தைகளை எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் பேசாத வார்த்தை இன்டர்வியூவில் வாயில் நிற்காது.

குரலை ரெக்கார்டு செய்து கேளுங்கள், முதல் தடவை கூச்சமாகத்தான் இருக்கும். மகள் பள்ளிக்குப் போன பிறகு முக்கால் மணி நேரம், இரவில் கால் மணி நேரம் போதும். கடைசி இரண்டு நாள் ஏ.ஐ.யை மூடிவிட்டு, பழைய டீமில் உங்களோடு இருந்தவர் யாராவது ஒருவரைப் போனில் பிடித்து, அவரைக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் எங்கே குரல் இறங்குகிறீர்கள் என்று மனிதருக்குத்தான் சட்டென்று புரியும்.

இரண்டாவது குழந்தை, கணவர் சம்மதம் பற்றிக் கேட்டால்

கேட்பார்கள். கேட்கக் கூடாது, ஆனாலும் கேட்கிறார்கள். ஒரே வேலைக்கு ஆள் எடுக்கும்போது ஆண் பெண் பாகுபாடு காட்டக் கூடாது என்பது 1976-ன் சம ஊதியச் சட்டத்திலேயே இருந்தது, 2019-ன் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. ஆனால் ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு பாகுபாட்டை நிரூபிப்பது எளிதல்ல என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அங்கே சட்டம் பேசி வாதாட வேண்டாம். 'ஷிஃப்ட் நேரத்துக்கு நான் தயார், வீட்டில் ஏற்பாடு இருக்கிறது' என்று வேலையை நோக்கித் திருப்பிவிடுங்கள். அதற்கு மேலும் துருவினால் அது எப்படிப்பட்ட இடம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும், வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கும் உண்டு. சம்பளப் பேச்சில் ஏ.ஐ. சொல்லும் தொகையை நம்பிப் போகாதீர்கள், உங்கள் பழைய தோழிகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இடைவெளியைக் காட்டி சீனியர் பதவிக்குப் பதில் ஒரு படி கீழே கொடுக்கவும் பார்க்கலாம். அப்படி வந்தால் அங்கேயே தலையாட்ட வேண்டாம். எத்தனை மாதத்தில் மறுபரிசீலனை என்பதை எழுத்தில் கேட்டு, ஒரு நாள் அவகாசம் வாங்குங்கள்.

கடைசியாக ஒன்று, இதை உங்கள் கடிதத்தில் நீங்கள் யோசிக்கவே இல்லை. கொளத்தூரிலிருந்து பெருங்குடி ஊரின் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனை. பல நிறுவனங்களில் கேபுக்கு ஒரு எல்லை உண்டு, அதற்கு வெளியே இருந்தால் ஏதாவது ஒரு பாயின்ட்டில் இறக்கிவிடுவார்கள். விடியற்காலை நான்கு மணிக்கு அந்த பாயின்ட்டிலிருந்து வீட்டுக்கு எப்படி வருவீர்கள்? வீட்டு வாசல் வரை வருமா, பெண்கள் மட்டும் இருக்கும் கேபில் செக்யூரிட்டி வருவாரா, கடைசியாக இறங்குபவர் பெண்ணாக இருந்தால் என்ன செய்வார்கள் என்று மூன்றையும் ஹெச்.ஆரிடம் கேளுங்கள். மெயிலில் பதில் வந்த பிறகு ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடுங்கள்.